கண்ணாடித் தகட்டில் பதிந்த முகங்கள்

கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதம் வட்டவளையையும் றொசல்லவையும் கடந்து அட்டனை அடைகிறது. அங்கிருந்து டிக்கோயா வழியே செல்லும் பாதை பொகவந்தலாவையைச் சேர்கிறது. அவ்வூர்ப் புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே புகைப்படக்கலை வரலாற்றில் நிலையான இடம்பெற்ற ஓர் ஆங்கில மாது துயில்கின்றார். அவர் பெயர் யூலியா மார்கரெட் கமரோன்.

கமரோன் அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரோன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக்–கமரோன் ஆணைக்குழுவில் நீதித்துறையை ஆராய்ந்தவர். குடும்பம் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, 1863ஆம் ஆண்டு இறுதியில், மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48.

கமராவை எங்கே வைப்பது, உருவத்தை எவ்வாறு தெளிவுபடுத்துவது என்பன அவருக்குத் தெரியவில்லை. முதற் படத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். படமெடுக்கும் வேளையில் எதிரே அமர்ந்தவர் அசையாதிருத்தல் வேண்டும். அம்மையாரோ துல்லியத்தைத் தேடி வில்லையைத் திருப்பிக்கொண்டே இராமல், கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்தில் நிறுத்தினார். அவருடைய படங்களின் மென்மை அவ்வாறு பிறந்தது.

பின்னாளில் வந்த தூரமானிக் கமராவில் இத்தொல்லை குறைந்தது. அதன் சிறு சாளரத்தில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். வில்லையைத் திருப்ப, இரண்டும் ஒன்றாகும். அப்பொழுது விசையை அழுத்தினாற் போதும். கொடக் நிறுவனம் 1901இல் வெளியிட்ட 120 என்னும் படச்சுருளை இத்தகைய கமராவில் இட்டால், ஆறு சென்ரிமீற்றர்ச் சதுரத்திற் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். அதை முதன்முதற் கையிலெடுப்பவரைத் தயங்க வைப்பது அந்தப் பன்னிரண்டு என்ற கணக்கே. தூரத்தைக் கருவி அளந்துவிடும். எவரை நோக்குவது என்பதை மனிதரே முடிவுசெய்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் கமரோன் அம்மையார் நோக்கியவர்களுள் கவிஞர் தெனிசன், வானியலறிஞர் ஹேர்ஷல், உயிரியலறிஞர் டார்வின் ஆகியோர் அடங்குவர். 1875இல் குடும்பம் இலங்கைக்கு வந்தது. மலைநாட்டில் அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கு வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் இடையே அம்மையார் எடுத்த படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. களுத்துறையில் எடுத்தவற்றில் உழைக்கும் மக்களின் முகங்கள் அதே மென்மையோடும் மதிப்போடும் விளங்குகின்றன. ஆயினும் 1878ஆம் ஆண்டுப் படமொன்றின் தலைப்பு களுத்துறை நாட்டுப்புறத்தார் என்பதே. அதில் நின்றோரின் பெயர்கள் அத்தலைப்பில் இல்லை.

1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேண் தோட்டத்தில் அம்மையார் காலமானார். அட்டனுக்குப் புகையிரதம் வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் எடுத்த டார்வின் படத்திலும் பெயர் இருக்கிறது. களுத்துறை முகங்களைப் பார்த்து, இவர் என் பாட்டனார் என்று கூற வல்லார் எவருமில்லை. மலைநாட்டு இல்லங்களிற் பழைய படங்களைப் பேணி வைத்திருப்போர், அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவற்றின் பின்புறத்திற் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைத்தல் நன்று.