குரோமோசோம்களை எண்ணிய அம்மையார்

நம் நாட்டுக் கரும்பு இனிப்பதற்கே டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள்தான் காரணம் என்று பலரும் எழுதி வருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டுக் கணக்குதான் இடிக்கிறது. வெள்ளைக் கரும்பையும் காட்டினமான பேய்க்கரும்பையும் கலந்து உண்டாக்கிய 'கோ. 205' ரகம் கோயம்புத்தூரிலிருந்து 1918இல் வெளிவந்தது. பார்பர், வெங்கட்ராமன் ஆகியோரின் உழைப்பு அது. ஜானகி அம்மாள் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்ததோ 1934இல்! அப்படியானால் அவருடைய பணிதான் என்ன? அதைச் சொன்னால் சிலருக்குச் சப்பென்று இருக்கும். அவர் எண்ணினார், ஆயுள் முழுவதும் எண்ணினார்.

எதை? குரோமோசோம்களை. செடியின் வேர் நுனியைக் கிள்ளி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் மெல்ல நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், பிளவுபடும் செல்லுக்குள் சிறுசிறு கோல்கள் போலத் தெரிபவை அவை. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்பவை. நெல்லில் 24, மக்காச்சோளத்தில் 20, ரொட்டிக் கோதுமையில் 42 என ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் உண்டு.

இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கரிசல் காட்டில் விளையும் கருங்கண்ணிப் பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 26 குரோமோசோம்கள். அமெரிக்க இனத்தைச் சேர்ந்த கம்போடியாப் பருத்திக்கு 52. இரண்டையும் கலந்தால் ஒன்றிலிருந்து 13, மற்றதிலிருந்து 26, ஆக 39 சேரும். இனப்பெருக்கச் செல்கள் உண்டாகும்போது குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணை சேர வேண்டும். 39இல் எல்லாவற்றுக்கும் இணை கிடைக்குமா? கலப்புச் செடி வளரும், பூக்கும், ஆனால் மலடாகிவிடும். எண் தெரியாதவர் ஆண்டுக்கணக்கில் வயலில் காத்துக் கிடப்பார். தெரிந்தவர் வேறு வழி தேடுவார்.

கரும்பில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. பேய்க்கரும்பு ஒரே இனம்தான்; ஆனால் இடத்துக்கு இடம் அதன் குரோமோசோம் எண்ணிக்கை மாறுகிறது. 40 முதல் 128 வரை இருப்பதை இன்று அறிவோம். இந்தியப் பேய்க்கரும்பு வகைகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து ஜானகி அம்மாள் 1936இல் கட்டுரை வெளியிட்டார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த செய்தி 1938இல் 'நேச்சர்' இதழில் அவர் பெயரில் வந்தது. அந்தக் கலப்பு உழவர் வயலுக்கு வரவில்லை. ஆனாலும் இரு வேறு பேரினங்களைக் கலக்க முடியும் என்பதே அன்று பெரிய செய்தி.

தலைச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். 1940இல் இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் நிலையத்தில் சேர்ந்தார். போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் டார்லிங்டனுடன் சேர்ந்து உருவாக்கிய நூல்தான் 1945இல் வெளிவந்த 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்'. அட்லஸ் என்றதும் வண்ணப் படங்களை எதிர்பார்க்காதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் தாவரப் பெயரும் எண்ணும்தான். பல நாட்டு இதழ்களில் சிதறிக் கிடந்த எண்ணிக்கைகளைத் தேடித் திரட்டி, குடும்பவாரியாக அடுக்கியிருந்தார்கள். பயிர்ப் பெருக்க நிலையங்களுக்கு அது ஓர் அகராதியாயிற்று.

இங்கேதான் ஒரு சங்கடம். ஒரு கொள்கையைக் கண்டவரின் பெயர் கொள்கையோடு ஒட்டிக்கொள்ளும். மெண்டல் விதிகள் என்றுதானே சொல்கிறோம்? எண்ணைத் திரட்டித் தந்தவரின் பெயர் அப்படி ஒட்டுவதில்லை. அகராதியில் சொல்லைத் தேடும்போது தொகுத்தவரை யார் நினைக்கிறார்கள்? அட்லஸின் விரிவான அடுத்த பதிப்பு 1955இல் வந்தபோது ஆசிரியர்களாக டார்லிங்டனும் வைலியும் குறிக்கப்பட்டிருந்தார்கள். ஜானகி அம்மாள் பெயர் அவ்விடத்தில் இல்லை. செய்யாத கரும்புக்குக் கிடைக்கும் புகழ், செய்த நூலுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு விந்தையாகவே தோன்றுகிறது.

போருக்குப்பின் விஸ்லி தோட்டத்தில், குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் கால்ச்சிசின் என்ற பொருளை மக்னோலியா நாற்றுகளுக்கு இட்டுப் பார்த்தார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா ரகம் ஒன்றும் உண்டு.

நேருவின் அழைப்பை ஏற்று 1950களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பிய பின், எண்களைத் தேசப் படத்தோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கினார். இமயத்தின் மேற்குப் பகுதியில் குளிர் உண்டு, ஈரம் குறைவு. கிழக்கில் குளிரும் ஈரமும் சேர்ந்திருக்கின்றன. குரோமோசோம்கள் பன்மடங்கான தாவரங்கள் கிழக்கிலேயே மிகுதி என்றும், அங்கே புதிய இனங்கள் பெருகியதற்கு அதுவே காரணம் என்றும் அவர் கருதினார். சீனத் தாவரங்களும் மலேயாத் தாவரங்களும் அங்கே சந்தித்துக் கலந்ததையும் சுட்டிக் காட்டினார்.

1970 முதல் சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஆய்வுக் களத்தில் மூலிகைச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து வந்தார். பத்மஸ்ரீ விருது 1977இல்தான் வந்தது. 1984 பிப்ரவரியில் தம் 86ஆம் வயதில் மறையும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை.