ஆர்மோனியப் பெட்டியும் அலசும் காதும்

கே.கே. நகரில் நண்பர் ஒருவரின் மாடி அறை. எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) பழைய இசைத்தட்டுப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ‘ஒரே இரைச்சல். இதுல பாட்டை எங்க கேக்குறது?’ என்றார், ஒலிக்கருவிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய நண்பர். அவருடைய அப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் ஒலியை அலசுவது வெட்டி வேலையா? அவசரப்பட்டு ஆமாம் சொல்லிவிட முடியாது. அலசலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்குள் அதிகாரமும் உண்டு.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. பத்தே மாதத்தில், 1940 மார்ச் 1 முதல், அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. எல்லா நிலையங்களுக்கும் இதுதான் உத்தரவு. காரணங்கள் ஒலி சார்ந்தவை: பெட்டியின் சுரங்கள் கட்டை கட்டையாக நிற்பவை; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க முடியாது, கமகம் பேசாது; சுருதி ஐரோப்பியக் கணக்கில் சமமாக வெட்டப்பட்டது. தாகூர் தடையை வேண்டியவர்களில் ஒருவர். வானொலியில் மேலை இசைப் பொறுப்பிலிருந்த ஜான் ஃபோல்ட்ஸ் 1938லேயே பெட்டியைச் சாடி எழுதியவர். இந்திய இசைக்கு எந்த ஒலி ஆகும், எது ஆகாது என்பதில் ஆங்கிலேயரும் தேசியவாதியும் ஒத்துப்போன விநோதம் இது.

அலசல் பொய் என்று சொல்ல முடியாது. வயலினும் கப்பலேறி வந்ததுதான். ஆனால் அது குழையும், வழுக்கும். கச்சேரியில் அதற்கு இடம் கிடைத்தது.

ஆனால் நாடகக் கொட்டகையின் தேவை வேறு. ஒலிபெருக்கி வராத காலத்தில், விடிய விடிய, கடைசி ஆள்வரை ஒலி எட்ட வேண்டும். நடிகர் எடுத்த சுருதியைப் பெட்டிக்காரர் தாங்கிப் பிடிக்க வேண்டும், பின்பாட்டுப் பாடி அவர் மூச்சுவாங்க இடம் தர வேண்டும். அங்கே ‘நல்ல ஒலி’ என்பதற்கு அர்த்தமே வேறு. ‘இன்னிக்குப் பெட்டி சரியாப் பேசல’ என்று மண்தரையில் உட்கார்ந்தவன் சொன்னால் அதுவும் ஒலி விமர்சனம்தான். அதை யாரும் கோட்பாடாக எழுதி வைக்கவில்லை. ஆகவே ரசனை என்ற சொல்லாடலுக்குள் அது வரவில்லை.

தடை 1971ல்தான் தளர்ந்தது, அதுவும் நிபந்தனைகளோடு. இடையில் முப்பது ஆண்டுகள். மேடையில் பெட்டி நிற்கவேயில்லை. புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் இன்றும் அதுதான் பக்கவாத்தியம். வானொலியை நம்பிக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கோ அது கேட்கத் தகாத ஒலியாயிற்று. கேட்பதற்கு முன்பே வந்து நிற்கும் அலசல் தீர்ப்பாகிவிடுகிறது. கேட்டபின் வருவதோ ரசனையின் பகுதியாகவே இருக்கிறது.

அன்று பாட்டு முடிந்ததும் அப்பா கண் திறந்தார். ‘பெட்டி எப்படிப் பின்னாலயே போகுது, பாத்தியா?’ நண்பர் அதைக் கவனித்திருக்கவில்லை.