விழிவில்லை மாற்றத்தின் வரலாறு

கண்புரைச் சத்திரசிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஆயின், அவ்வெற்றிகள் நோயாளரின் பார்வையிற் புதிய குறைகளையும் தோற்றுவித்தன என்பது நோக்கற்பாலது.

பிரான்சிய வைத்தியரான ஜாக் டேவியல், 1747 இல் புரைபடிந்த வில்லையைக் கண்ணினின்றும் வெளியே எடுத்தார். வில்லையிழந்த கண்ணுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி இன்றியமையாததாயிற்று. அது பொருள்களை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பெருப்பித்துக் காட்டியது. பார்வைப் புலத்தில் வளையமாக ஒரு குருட்டிடத்தையும் உண்டாக்கியது. ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை பெற்றோருக்கு இரு கண்களின் விம்பங்களும் இசையவில்லை.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களுட் பாய்ந்த பேர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் கடும் அழற்சியை விளைவிக்காமையை அவதானித்தவர் ஹரோல்ட் றிட்லி. அவர் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில், அத்தகைய பொருளாலான வில்லையைப் பெண்ணொருவரின் கண்ணுட் பொருத்தினார். 1949 நவம்பர் 29 இல் தொடங்கிய இம்முயற்சி 1950 பெப்ரவரியில் நிறைவுற்றது. ஆனால், வில்லையின் வலு மிகுந்தமையால் அவருக்கு ஏறத்தாழ 18 தையொத்தர் குறும்பார்வை ஏற்பட்டது. கண்ணை அளந்தே வில்லையைத் தெரிதல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை. 1967 இல் சோவியத் வைத்தியர் பியோதரொவ் முதலியோர் வலுவைக் கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டனர். துறைசார்ந்தோரின் கடும் எதிர்ப்பைத் தாங்கிய றிட்லிக்கு 2000 ஆம் ஆண்டிலேயே 'சேர்' பட்டம் கிடைத்தது.

வலு சரியாக அமைந்த பின்னரும் குறைகள் முற்றாக நீங்கவில்லை. வில்லையின் பின்னுள்ள உறை மீண்டும் மங்குவதைக் குறைத்த கூர்விளிம்பு வில்லைகள், சிலருக்கு ஒளிக்கீற்றுகளையும் கண்ணோரத்திற் பிறைபோன்ற நிழலையும் தந்தன. அமெரிக்காவில் 1997 இல் அனுமதிக்கப்பட்ட பல்குவிய வில்லை, அண்மையையும் சேய்மையையும் ஒருங்கே காட்டியது. ஆயினும், ஒளியைப் பங்கிட்டமையால் இரவு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டங்களை எழுப்பியது. பரிசோதனை அட்டையின் இறுதி வரிவரை வாசிக்கும் ஒருவர் இவற்றை முறையிடும்போது, அட்டை அதற்குச் சான்று பகர்வதில்லை. 2000 ஆம் ஆண்டில் டேவிசன் என்ற வைத்தியர் இவ்விரு வகைக் குழப்பங்களையும் வகுத்து விவரித்தமை நோயாளரின் சொல்லுக்கு மதிப்பளித்தது. பலருக்கு இவை சில மாதங்களில் மூளையின் பழக்கத்தால் மங்குகின்றன. எஞ்சிய சிலருக்கே வில்லையை மாற்ற நேர்கின்றது.

ஆகவே, சிறந்த வில்லை எது என்னும் வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. இரவில் வாகனம் செலுத்துபவருக்கு ஒருகுவிய வில்லையும் வாசிப்புக் கண்ணாடியும் போதியனவாகலாம். கண்ணாடியைத் தவிர்க்க விரும்புபவர் ஒளிவட்டத்தைப் பொறுத்தல் வேண்டும். எக்குறையைத் தாங்கவியலும் என்பதை நோயாளரிடம் முன்னரே வினவுதல் வைத்தியரின் கடமையாகும்.