மிச்சத் துணியின் வரலாறு

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் இடங்களில் பொழுது சாயும்போது தரை முழுக்கத் துணி கிடக்கும். கழுத்து வெட்டியதில் விழுந்த பிறைத் துண்டு, கை வெட்டியதில் விழுந்த முக்கோணம், ஓரத்தில் நாடா போல நீளும் பட்டை. எங்கள் சோழபுரத்திலிருந்து அந்த வேலைக்குப் போன பெண்களில் என் ஆச்சியும் ஒருத்தி. உருப்படிக் கணக்கில் கூலி. வெட்டி விழுந்தது முதலாளிக்குச் சொந்தம்; எந்திரம் துடைக்க எடைக்குப் போகும். அதில் ஒரு பையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

டிசம்பர் பிறந்ததும் பையை அவிழ்ப்பாள். பழைய நூல் சேலையை நான்காக மடித்து விரித்து, காலண்டர் அட்டையில் வெட்டிய சதுரத்தை அளவாக வைத்து, துண்டுகளை வெட்டி அடுக்குவாள். விளிம்பை உள்ளே மடித்து ஓட்டுத் தையல். எந்தத் துண்டும் பக்கத்துத் துண்டோடு நிறம் சேராது. ஆனால் சிவப்பைத் தனியாக ஒதுக்கி வைப்பாள். அது நடுவில் வரும் நட்சத்திரத்துக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, ஆராதனைக்குக் கிளம்பும் முன் கடைசி முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடிப்பாள். அந்த ஆண்டு தெருவில் கடைசியாகப் பிறந்த குழந்தைக்கு அந்தப் போர்வை போகும். அது எந்தச் சாமி கும்பிடும் வீடு என்று பார்ப்பதில்லை.

நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள். லூக்கா சுவிசேஷத்தில் மரியாள் குழந்தையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்துகிறாள். அங்கே இருப்பது வெறும் துணிதான். தமிழில் பாடும்போது அது பல இடங்களில் கந்தையாகிவிடுகிறது. இறைமகனின் ஏழ்மையைக் காட்ட வந்த சொல் என்று அடிக்குறிப்பு எழுதி முடித்தேன். ஆச்சியிடம் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பாள். நம் வீடுகளில் பிறந்த பிள்ளையை முதலில் கிடத்துவது பழந்துணியில்தான். புதுத்துணியின் கஞ்சி அதன் தோலை உரசும். நூறு தடவை துவைத்த சேலை உரசாது. தூளியும் பழஞ்சேலைதான். கந்தை இல்லாமையை மட்டும் சொல்லவில்லை, பிள்ளை வளர்த்தவர்களின் அறிவையும் சொல்கிறது. நான் படித்த உரைகளில் அது இல்லை.

தென் தமிழகத்தில் பெண்களின் ஊசி வரலாற்றில் ஏறிய இடம் ஒன்று உண்டு. 1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த கணவரோடு நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட், 1821இல் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. விற்ற காசு பெண்களின் கைக்கு வந்தது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் தங்கள் விடுதலையை அந்தக் காசில் வாங்கினார்கள். மார்த்தாவின் மகள் எலிசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடப் போனது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். எலிசாவின் லேஸ் எத்தனை பாடத்திட்டத்தில் இருக்கிறது?

லேஸின் கதையிலும் ஒரு கிழிசல் உண்டு. அந்த அலங்கார விளிம்பு ஐரோப்பியப் பெண்களின் உடைகளுக்குப் போனது. அதைப் பின்னிய பெண்களின் ஊர்களிலேயே, தோளில் சீலை போட்டதற்காக 1820களில் நாடார் பெண்கள் தெருவில் மறிக்கப்பட்டு, துணி கிழிக்கப்பட்டு அவமதிக்கப்பட்டார்கள். திருவிதாங்கூர் அரசின் அனுமதி 1859இல்தான் வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. அடுத்தவள் உடைக்கு அழகு செய்த கைக்குத் தன் தோளை மூடப் போராட வேண்டியிருந்தது.

ஆனாலும் லேஸுக்குக் கணக்கு இருந்தது, கடிதம் இருந்தது, வாங்கியவர் இருந்தார். விற்றது பதிவானது. வீட்டுக்குள் உழைத்துத் தேய்ந்த ஒட்டுப்போர்வை பதிவாகவில்லை. இது நம் ஊரின் கதை மட்டுமல்ல.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ். 1861இல் தொடங்கி 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போவது தடைப்பட்டு, நம் கரிசல் பஞ்சின் விலை ஏறியது. அந்தப் போரின் முடிவில்தான் ஹாரியட்டுக்கு விடுதலை வந்தது. அவர் துணித் துண்டுகளை உருவங்களாக வெட்டி, பதினொரு கட்டங்களில் வேதாகமக் கதைகளைத் தைத்தார். ஆதாம் ஏவாளில் தொடங்கி, மரியாள், யோசேப்பு, குழந்தை என்ற திருக்குடும்பத்தில் முடிகிறது. 1886இல் ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். ஹாரியட் தரவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கையில் காசில்லாமல் போனபோது 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் சொன்னார். ஜென்னி அதை எழுதி வைத்தார். பின்னும் பல முறை அதைப் பார்க்க வந்தார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வறுமையில் விற்கப்பட்டதால், இன்னொரு பெண் காதுகொடுத்துக் கேட்டு எழுதியதால் அந்தப் பெயர் தப்பியது.

இங்கே கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துப் போவார்கள். கத்தோலிக்கச் சித்திப் பெண்கள் சிலுவை வடிவைச் சேர்ப்பதுண்டு. நான்கு மூலையிலும் ஒரு மடிப்புப் பூ வைக்காமல் முடிக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாக நினைக்கிறார்கள். தேவைக்குத் தைப்பதிலும் தேவைக்கு மேலே ஒன்று வைக்கிறார்கள். ஆச்சி ஒதுக்கிய சிவப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் பிறந்த ஆண்டின் போர்வை எனக்கு வந்தது. கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோனேன். ஆய்வேடு எழுதிய நாட்களில் அதை மடித்து மேசைக்கடியில் காலுக்குப் போட்டிருந்தேன். கந்தை என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு எழுதியபோது என் பாதம் அதன் மேல்தான் இருந்தது. வீடு மாற்றியபோது கிழிந்த கால்மிதி என்று நானே தூக்கிப் போட்டேன். அப்போது ஆச்சி உயிரோடு இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை.

போன டிசம்பரில் ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டேன். எந்தத் துண்டு எந்தச் சட்டையில் மிஞ்சியது என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் கன்றுக்குட்டிக்குப் போட்டார்களாம். இன்னொரு வீட்டில் கரிச்சட்டி இறக்கும் துணியாக முடிந்ததாம். ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. கோடி வீட்டு அக்காவிடம், பத்திரமா வச்சிருக்கக் கூடாதாக்கா என்று ஆதங்கப்பட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"துவைச்சுத் துவைச்சுப் போயிருச்சு. நாலு பிள்ளை அதுலதானே வளந்துச்சு."