பங்கு வாங்கும் எந்திரம்: பழவேற்காட்டுக் கரையில் பழுதுபார்ப்பின் வரலாறு

1

எந்திரங்களின் வரலாறு நமக்குக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே சொல்லித்தரப்பட்டிருக்கிறது. யார் கண்டுபிடித்தார், எந்த நாடு, எந்த ஆண்டு, எப்போது நம்மிடம் வந்தது என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. வந்த பிறகு அந்த எந்திரம் யார் கையில் பிரிக்கப்பட்டது, எந்தப் பாகம் தூக்கியெறியப்பட்டது, எது புதிதாகச் செருகப்பட்டது, யார் அதைப் பத்து வருஷம் கூடுதலாக ஓடவைத்தார்கள் என்பதெல்லாம் வரலாறு ஆவதில்லை. அது வெறும் 'ரிப்பேர்'.

அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒருவர் பழைய சுபாரு காரை வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் பூட்டினால் அது பொழுதுபோக்கு. சுபாருவின் பழைய எஞ்சினைக் கழற்றி, வீட்டிலேயே கட்டிய சிறு விமானத்தில் பொருத்திப் பறந்தவர்களும் உண்டு. அந்த விமானங்களுக்குச் சட்டமே 'பரிசோதனை' வகை என்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில், திருப்பாலைவனத்தில் சாலையோரக் கொட்டகை ஒன்றில், நிலத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட டீசல் எஞ்சினைக் கடலுக்குப் போகும்படி மாற்றுகிறவர் செய்வதற்கு மட்டும் பெயர் 'ஒட்டுவேலை'. இரண்டும் ஒரே செயல்தான். பெயர் வைப்பவர் யார் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஊர்களில் பல வருஷங்களாகப் போய்வருகிறவன் என்ற முறையிலும், கொட்டகைகளில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டவன் என்ற முறையிலும் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

2

நம் கரையோரத்தில் 'எந்திரமயமாதல்' அரசுத் திட்டமாகவே தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் கொல்லம் அருகே நீண்டகரையில் ஆரம்பித்த இந்திய–நார்வே திட்டத்தைத்தான் எல்லோரும் முதலில் குறிப்பிடுவார்கள். எந்திரப் படகு, இழுவலை, குளிர்பதனக் கூடம், ஏற்றுமதி இறால் என்று அது வளர்ந்த கதை பழக்கமானது. தமிழகத்திலும் கடன், மானியம் என்று விசைப்படகுகள் வந்தன. கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கடலில் மோதல் முற்றி, 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் சிறுதொழில் மீனவர்களுக்கு என்று அது கோடு கிழித்தது. கடல்மேல் கிழித்த கோடு எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பதைக் கடலோரம் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கதையில் எந்திரம் மேலிருந்து வந்தது. சிறுதொழில் மீனவனிடம் எந்திரம் வந்த கதை இதிலிருந்து வேறுபட்டது.

1979இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு சென்னையைத் தலைமையிடமாகக்கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரையில், அலையை வெட்டிக்கொண்டு வந்து இறங்கும் சிறு படகு ஒன்றை வடிவமைப்பது அதன் வேலைகளில் ஒன்று. இதிலுள்ள சிக்கல் எளிமையானது, ஆனால் பொல்லாதது. எஞ்சினின் விசிறி தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால்தான் படகு ஓடும். கரைக்கு வரும்போது அதே விசிறி மணலில் இடித்து உடையும். நிபுணர்கள் இதற்குத் தூக்கிக்கொள்ளக்கூடிய ஓர் இயக்க அமைப்பை உருவாக்கினார்கள். அதற்கு 'பாப் டிரைவ்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல வேலைதான். அதை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் இன்று கரையில் நாம் பார்க்கும் பெரும்பாலான ஃபைபர் படகுகளில் இருப்பது வேறொன்று. ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் சிறிய டீசல் எஞ்சின். இத்தாலியின் லம்பார்டினி நிறுவனத்தின் உரிமத்தில் கிரீவ்ஸ் இந்தியாவில் செய்த வகை இதில் பேர்போனது. அதே குடும்பத்து எஞ்சின்தான் மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோக்களையும் ஓட்டியது. அதைப் படகின் பின்பக்கம் ஒரு சுழல் முளையில் உட்காரவைத்து, நீளமான தண்டைப் பூட்டி, தண்டின் முனையில் விசிறியை மாட்டினார்கள். மணல் திட்டு வந்தால் எஞ்சினின் கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஏற்றமரம்போல வால் தூக்கிக்கொள்ளும். நிபுணர் தேடிய விடையும் இதுதான், கொட்டகை கண்டுபிடித்த விடையும் இதுதான். ஒன்று அறிக்கையில் இருக்கிறது, மற்றது தண்ணீரில் ஓடுகிறது.

தாய்லாந்தின் 'நீள்வால் படகு' இதற்கு அண்ணன் முறை. அந்தப் படகைத்தான் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வந்த 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' நூலில் 'கிரியோல் தொழில்நுட்பம்' என்பதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் வேறு உடம்போடு ஒட்டி, பிறந்த இடத்தில் இல்லாத உருவத்தை எடுத்துக்கொள்ளும் தொழில்நுட்பம் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். கண்டுபிடிப்பை விட்டுவிட்டுப் பயன்பாட்டிலிருந்து வரலாற்றை எழுதினால் உலக வரைபடமே மாறிப்போகும் என்பது அவருடைய வாதம். நம் கரைக்கு இந்த வாதம் அப்படியே பொருந்துகிறது.

இதில் இன்னொரு விஷயம். சோழமண்டலக் கரையின் பல ஊர்களில் ஃபைபர் படகுக்கு 'மாருதி' என்றே பெயர். 1983 டிசம்பரில் மாருதி 800 கார் வெளிவந்தது. லேசானது, வேகமானது, புதுசு என்ற அர்த்தத்தில் அந்தப் பெயர் கடற்கரைக்கு நடந்து வந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். நடுத்தர வர்க்கம் காரைக் கடனில் வாங்கிய காலத்தில், மீனவன் காரின் பெயரை இலவசமாக எடுத்துத் தன் படகுக்கு வைத்துக்கொண்டான்.

3

கொட்டகைக்குள் நடப்பது என்ன? பெரும்பாலும் வீட்டை ஒட்டிய சாய்ப்பு. ஒரு பழைய மேசை, டீசல் ஊற்றிய தட்டு, அதில் ஊறும் நட்டுகள். இங்கே எஞ்சினை நோயாளியாகத்தான் பேசுவார்கள். "கறுப்பா விட்டா காத்து பத்தல, இல்ல டீசல் ஜாஸ்தி. நீலமா விட்டா ஆயில் எரியுது, ரிங்கு போச்சு. வெள்ளையா விட்டா டீசல் எரியாமலே வெளிய வருது, டைமிங்க பாரு." ஒரு கல்லூரிப் பாடத்தின் ஓர் அத்தியாயம் இந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது.

வால்வைப் பசை வைத்துத் தேய்த்து உட்காரவைத்த பிறகு, ஹெட்டைத் திருப்பிப்போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார்கள். சொட்டு இறங்கினால் மறுபடியும் தேய்க்கவேண்டும். நாசிலைக் கழற்றி வெளியே பிடித்து எஞ்சினைச் சுற்றினால் டீசல் புகைபோலப் பீய்ச்சவேண்டும். ஒழுகினால் நாசில் செத்தது. கையை மட்டும் முன்னால் நீட்டக்கூடாது, அந்த அழுத்தத்துக்குத் தோலைத் துளைக்கும் வேகம் உண்டு. கேஸ்கட்டை அட்டையில் அளவெடுத்து வெட்டுவதும், உப்பு பூத்த செதில்களைச் சுரண்டிக் காற்றுக்கு வழிவிடுவதும், தண்டின் நீளத்தை அந்தந்த ஊர் முகத்துவாரத்தின் ஆழத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பதும் இங்கே அன்றாடம்.

கடைசியாகச் சொன்னது முக்கியமானது. பழவேற்காட்டு ஏரியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. மணல் வந்து அடைக்கும், மழைவெள்ளம் திறந்துவிடும். தொழிற்சாலையில் செய்த தண்டின் அளவு இந்த மணலை அறியாது. மணலை அறிந்தவன்தான் அதை வெட்டி ஒட்டவேண்டும். இங்கே பழுதுபார்த்தலும் மாற்றியமைத்தலும் பிரிக்கமுடியாதவை. உடைந்ததைப் பழையபடி ஆக்குவது என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வேறாகத்தான் திரும்பி வருகிறது.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கடலில் இல்லை, வயலில் இருக்கிறது. திருப்பாலைவனம் விவசாய ஊர். கிணற்றடியில் 'ஆயில் எஞ்சின்' பார்த்த கைதான் படகு எஞ்சினையும் பார்த்தது. நான் பார்த்த கொட்டகைகளில் விவசாயியும், பட்டினவரும், பழவேற்காட்டு முஸ்லிமும், சேரியிலிருந்து வந்து தொழில் கற்ற பையனும் ஒரே எஞ்சினைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். மாமா, அண்ணே, பாய் என்று பேச்சு நடக்கும். ஊரில் நடக்காத ஒன்று அங்கே நடந்தது. அது சாதி ஒழிப்பு என்று நான் சொல்லமாட்டேன். வேலை முடிந்ததும் அவரவர் தெருவுக்குத்தான் போனார்கள்.

4

லெவி–ஸ்ட்ராஸ் 1962இல் 'பிரிகோலர்' என்ற கருத்தை வைத்தார். கையில் கிடைத்ததை வைத்துக் காரியத்தை முடிக்கிறவர் பிரிகோலர். முழுத் திட்டத்தோடு, தேவையான பொருளைத் தருவித்துக்கொண்டு தொடங்குகிறவர் பொறியாளர். இந்த எதிர்மையை 1966இல் தெரிதா கலைத்துப்போட்டார். எதையும் முழுக்கத் தானே உண்டாக்கிக்கொள்ளும் அந்தப் பொறியாளர் எங்கும் இல்லை, அவர் பிரிகோலர் உண்டாக்கிய புனைவு என்றார்.

தத்துவமாகப் பேசப்பட்டதை ஏரிக்கரையில் கண்ணால் பார்க்கலாம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் சோதனை ராக்கெட் கிளம்பியது. அந்தத் தளத்துக்காகத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் யானாதிகள் முக்கியமானவர்கள். ராக்கெட் விடும் நாளில் கடலில் அபாய எல்லை குறிக்கப்படும், படகுகள் அங்கே போகக்கூடாது. ஒரு கரையில் 'தேசத்தின் தொழில்நுட்பம்', மறுகரையில் தட்டில் ஊறும் நட்டு. ஆனால் 1979 ஆகஸ்டில் முதல் எஸ்.எல்.வி. கடலில் விழுந்தபோது விஞ்ஞானிகள் செய்ததும் இதைத்தான். எந்த வால்வு ஒழுகியது என்று தேடினார்கள், திருத்தி 1980 ஜூலையில் மறுபடி ஏவினார்கள். அங்கே அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

5

இதைப் படித்துவிட்டு, 'அடித்தள மக்களின் மாற்று அறிவு' என்று யாராவது உடனே கொடி ஏற்றினால் அதையும் நிறுத்தவேண்டியிருக்கிறது. எஞ்சின் வந்ததால் கரையின் உறவுகள் மாறின.

மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சோறு செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிப்பது வழக்கம். ஆளுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. இந்த வரிசையில் எஞ்சினும் வந்து உட்கார்ந்தது. சோறு தின்னாத, கடலில் செத்துப்போகாத ஒரு பங்காளி. எஞ்சின் படுத்துக்கிடக்கும் நாளில் அதற்குப் பங்கு இல்லை, ஆனால் அதன் பேரில் வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு. ரீபோருக்கு அடகுக்கடைக்குப் போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கம்மல். எஞ்சின் கொண்டுவந்த கூடுதல் மீன் ஏலக்காரரிடமும் வியாபாரியிடமும் போனபோது, கூடையில் வாங்கி விற்ற பெண்ணின் கைக்கு மீன் எட்டவில்லை. பழுதுபார்ப்புக்கு அவள் முதல் போடுகிறாள், பங்கில் அவள் பெயர் இல்லை.

ஏரியின் 'பாடு' முறையையும் இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். தலைக்கட்டு வாரியாக, முறை வைத்து, எந்த இடத்தில் யார் சுத்துவலை கட்டுவது என்று ஊரே தீர்மானிக்கும் ஏற்பாடு அது. எல்லோருக்கும் நல்ல இடமும் வரும், மோசமான இடமும் வரும். எஞ்சினுக்கு முறை கிடையாது. யார் வேகமாகப் போகிறாரோ அவருக்கு மீன். அதற்காகப் பாடு முறையைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அந்தச் சமத்துவத்தில் ஒருநாளும் இடம் இருந்ததில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு உடைந்ததைச் சரிசெய்யும் முகாம்களும் கரையில் நடந்தன. ஆனால் நிவாரணக் கணக்கில் முன்னால் நின்றது புதுப் படகுகளின் எண்ணிக்கைதான். கட்டுமரம் வைத்திருந்தவருக்கும் பல இடங்களில் ஃபைபர் படகு வந்தது. கட்டுமரத்தைக் கயிறும் மரமும் தெரிந்தால் சரிசெய்யலாம். ஃபைபருக்கு ரெசின் வேண்டும், எஞ்சினுக்கு உதிரிபாகம் வேண்டும். கொடை கொடுத்தவர் போன பிறகு அந்தப் படகுகள் கொட்டகையை நம்பித்தான் ஓடின.

6

இப்போது என்ன? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசி போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. மீனவனின் எஞ்சின் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. சாலை வாகனங்களுக்கு 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின், புதிய டீசல் எஞ்சின்களில் டீசலை அளந்து விடும் வேலை மின்னணுப் பெட்டியிடம் போகிறது. புகை குறையவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் இவர்கள்தான். ஆனால் ஆட்டோவிலிருந்து படகுக்கும் வயலிலிருந்து கடலுக்கும் பாகங்கள் நடந்துகொண்டிருந்த பாதை மூடப்படும்போது, அந்த அறிவுக்கு என்ன வழி என்று எவரும் கேட்பதில்லை. பெட்டி பூட்டியிருக்கும். சாவி கம்பெனியிடம் இருக்கும்.

கேட்கமுடியாத கேள்வி அல்ல இது. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, குமரி–கேரளக் கரையில் எஞ்சின் பழுதுபார்க்கும் மையங்களைச் சங்கத்தின் பொறுப்பில் நடத்திக் காட்டியது. பழுதுபார்ப்பு தனியாளின் சாமர்த்தியமாக மட்டும் இருக்கவேண்டியதில்லை, பொதுச் சொத்தாகவும் இருக்கலாம் என்பதற்கு நம் அருகிலேயே சாட்சி உண்டு.

நாம் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் எதிராக எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். அந்த எழுத்தில் மீனவர் எப்போதும் 'பாரம்பரியம்' என்ற சொல்லோடு மட்டுமே வருகிறார், எந்திரத்துக்கு முந்திய மனிதராக. வலை பின்னத் தெரிந்தவர் என்று எழுதுகிற நாம், நாசில் பார்க்கத் தெரிந்தவர் என்று எழுதுவதில்லை. எந்திரத்தை ஆலைக்கும் அரசுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, மக்களுக்குக் கட்டுமரத்தை மட்டும் ஒதுக்குகிற எழுத்து, பெயர் வைக்கும் அதிகாரத்தை மறுபடியும் மேலேயே விட்டுவைக்கிறது. கொட்டகையில் குந்தியிருப்பவர்களின் வரலாற்றை அவர்கள் வாய்மொழியில், உதிரிபாகங்களின் பெயரோடு, கடன் கணக்கோடு, அடகு வைத்த கம்மலோடு சேர்த்து எழுதவேண்டும். அதில் யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்ற கணக்கையும் அப்போதுதான் கேட்கமுடியும்.