வீட்டுக் காவலும் கைத்துப்பாக்கியும்: கொஞ்சம் வரலாறு

நம் பகுதியில் பூட்டிய வீட்டில் திருட்டு என்று செய்தி வரும்போதெல்லாம் குடியிருப்போர் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? முதன்முதலாக வாங்குகிறவர் எதை வாங்கலாம்?" கேள்வி நியாயமானதுதான். தனியாக இருக்கும் பெரியவர்கள், இரவு ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள், பீரோவில் இருக்கும் நகை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கவலை உண்டு. இணையத்தில் தேடினால் ரிவால்வரா பிஸ்டலா, எத்தனை தோட்டா, என்ன எடை என்று மணிக்கணக்கில் பேசும் காணொளிகள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. நம் நாட்டில் அந்தத் தேர்வில் பெரும்பகுதியைச் சட்டமே முன்கூட்டிச் செய்து முடித்துவிட்டது. எப்படி என்று பார்க்க 200 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

ஊரே காவலுக்குப் பணம் கட்டிய காலம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி வருகிறது. ஊர்க்காவலுக்காக வாங்கப்பட்ட வரி அது. பிற்காலத்தில், பாளையக்காரர்கள் ஆண்ட தென் மாவட்டங்களில், தலக்காவல், திசைக்காவல் என்று இரண்டு முறைகள் இருந்தன. தலக்காவல் அந்தந்த ஊருக்கு. திசைக்காவல் பல ஊர்களும் வழித்தடங்களும் சேர்ந்த வட்டாரத்துக்கு. காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. அதற்கு ஈடாக அவருக்கு ஒரு கடமையும் உண்டு: களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. காவல் கூலி தராத ஊரில் களவு நடக்கும். அதைச் செய்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைய ஏற்பாட்டில் வீட்டைக் காப்பது தனித்தனி வீட்டுக்காரரின் வேலையாக இருக்கவில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து பணம் கட்டி, பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தது. இன்று நாம் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் செக்யூரிட்டிக்கு ஒதுக்குவதும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான், களவுக்கு ஈடு தரும் பகுதி மட்டும் இல்லை.

1801இல் இது மாறத் தொடங்கியது. பாளையக்காரர் போர் முடிந்து, மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்து டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், அரசின் அனுமதி இல்லாதவர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். காவல் உரிமையும் படிப்படியாகக் கம்பெனியின் கைக்குப் போனது. 1859இல் சென்னை போலீஸ் சட்டம் வந்தது. இன்றைய தமிழ்நாடு காவல்துறையின் அமைப்பு அங்கிருந்து வளர்ந்ததுதான்.

யார் வீட்டில் துப்பாக்கி இருக்கலாம்?

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசு நாடு முழுவதும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்த முனைந்தது. 1860இல் ஒரு சட்டம். அதைவிடக் கடுமையானது 1878இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த இந்திய ஆயுதச் சட்டம். இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றது ஆயுதச் சட்டம். ஆனால் ஐரோப்பியர்களுக்கு விலக்கு. சில பெரிய ஜமீன்தார்களுக்கும் பட்டம் பெற்ற பிரமுகர்களுக்கும் விலக்கு. சாதாரண இந்தியர் வாளுக்கும் ஈட்டிக்கும்கூட அரசின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

கைத்துப்பாக்கி பரவலாகிக்கொண்டிருந்த காலமும் அதுவே. அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு 1836இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதுவரை ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். ரிவால்வரில் உருளை சுழன்று அடுத்த தோட்டா தானாக முன்னால் வரும். மேசை இழுப்பறையில் வைக்கக்கூடிய அளவு, தொடர்ந்து பல முறை சுடும் வசதி. வீட்டுக் காவலுக்கான துப்பாக்கி என்றால் கைத்துப்பாக்கி என்ற எண்ணம் இங்கிருந்துதான் வேர்விட்டது. இந்தியாவில் அந்த இழுப்பறை துரையின் பங்களாவில் இருந்தது. ஆகவே துப்பாக்கி இங்கே பாதுகாப்புப் பொருளாக வருவதற்கு முன்பே அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. ஒரு வீட்டில் துப்பாக்கி இருந்தால் "சர்க்கார் இவரை நம்புகிறது" என்று பொருள்.

இந்தப் பாகுபாடு தேசியத் தலைவர்களை உறுத்தியது. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் என்று காந்தியே இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். 1931இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று.

உரிமையா, அனுமதியா?

சுதந்திரம் வந்ததும் இந்தக் கேள்வி அரசியல் நிர்ணய சபைக்கு வந்தது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. நம் நாட்டில் துப்பாக்கி ஓர் அனுமதியாகவே நின்றது.

1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் இரண்டு பிரிவுகளைக் கவனிக்க வேண்டும். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. பழைய அந்தஸ்துக் கணக்கைச் சட்டம் இங்கே எடுத்துப் போட்டுவிட்டது.

மற்றது 13ஆம் பிரிவு. பாதுகாப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத நீண்ட துப்பாக்கியைக் கேட்டால் அதற்கு ஒரு வழி. மற்றவற்றுக்கு, அதாவது கைத்துப்பாக்கிக்கு, தக்க காரணம் இருப்பதாக லைசென்ஸ் அதிகாரி திருப்தியடைய வேண்டும். வீட்டுக் காவலுக்கு முதல் துப்பாக்கி எது என்ற கேள்விக்குச் சட்டம் 1959இலேயே தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் நீண்ட துப்பாக்கி ஊருக்குத் தெரியும், பையில் ஒளியாது, பிள்ளை எடுத்துக்கொண்டு வெளியே ஓட முடியாது. கைத்துப்பாக்கியை விரும்பத்தக்கதாக்கும் குணங்களே, சிறியது, மறைக்கலாம் என்பவையே, அதைச் சந்தேகத்துக்கு உரியதாகவும் ஆக்கின.

தேர்வு எவ்வளவு குறுகியது

சரி, காரணம் சொல்லி அனுமதியும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்கலாம்? ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ., .38, .455 போன்ற விட்டங்கள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அரசுக் கிடங்கிலிருந்து கசியும் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பது அதன் பின்னால் உள்ள யோசனை. மிஞ்சுவது பெரும்பாலும் .32 அல்லது .22. 1980களின் நடுவில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் வணிக இறக்குமதியும் நின்றுபோனது. பிறகு பல ஆண்டுகளுக்குப் புதிதாக வாங்குகிறவருக்குக் கிடைத்தது கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் சில பிஸ்டல்களும்தான். 2014இல் 'நிர்பீக்' என்ற பெயரில் ஏறத்தாழ 500 கிராம் எடையுள்ள .32 ரிவால்வர் வந்தது. பெண்களின் பாதுகாப்புக்கு என்று அதை முன்னிறுத்தினார்கள். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும் என்று அப்போதே கேட்டார்கள்.

விதிகளும் இறுகிக்கொண்டே வந்தன. 1983 திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிகள் என்று வரம்பு வைத்தது. 2019 திருத்தம் அதை இரண்டாகக் குறைத்து, லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக்கியது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 விதிகளின்படி பத்திரமாக வைக்க ஏற்பாடு இருப்பதைக் காட்ட வேண்டும், பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும், போலீஸ் விசாரணையும் உண்டு. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

சுட்டால் என்ன ஆகும் என்பதும் பழைய சட்டத்தின் தொடர்ச்சிதான். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் தந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. இரவில் பூட்டை உடைத்து நுழைகிறவரைத் தடுக்க அந்த உரிமை வெகுதூரம் போகும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற எல்லை எப்போதும் உண்டு. தப்பி ஓடுகிறவரின் முதுகில் பட்ட குண்டுக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்வது கடினம்.

தோட்டா யாரைத் தேடிப் போகிறது?

அமெரிக்காவில் கதை வேறு. தலைநகர் வாஷிங்டன் 1976இல் கைத்துப்பாக்கியைத் தடை செய்தது. 2008 ஜூனில் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தடையை நீக்கி, வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. நாம் பார்க்கும் காணொளிகள் அந்த மண்ணில் விளைந்தவை.

அதே நாட்டில் ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சியாட்டில் அடங்கிய மாவட்டத்தில் துப்பாக்கி இருந்த வீடுகளுக்குள் நடந்த துப்பாக்கிச் சாவுகளைக் கணக்கெடுத்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டதில் நேர்ந்த ஒவ்வொரு சாவுக்கும், தற்கொலை, கொலை, விபத்து என மற்ற வகையில் 43 சாவுகள். சுடாமலே திருடனை விரட்டிய சம்பவங்கள் இந்தக் கணக்கில் இல்லை என்ற விமர்சனம் நியாயமானது. அதை ஒப்புக்கொண்டாலும் ஒன்று மிஞ்சுகிறது: அந்த 43இல் மிகப் பெரும்பாலானவை தற்கொலைகள். வெளியாளுக்காக வாங்கிய துப்பாக்கி வீட்டுக்குள் இருந்தவர் கைக்கே போயிருக்கிறது.

நம் ஊரிலும் ஒரு வீட்டுக்குள் கேட்ட வெடிச்சத்தம் யாருக்கும் மறக்கவில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் சுவர் ஏறிக் குதித்த திருடன் அல்லர். பேச வந்த விருந்தாளி, பல படங்களில் சேர்ந்து நடித்த எம்.ஆர். ராதா. அவரும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். இருவரும் பிழைத்தார்கள், ஆனால் எம்.ஜி.ஆரின் குரல் பழையபடி திரும்பவில்லை. கோபமும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ரிவால்வரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு வேறு பாடம் தேவையில்லை.

நம் வளாகத்துக்கு இது என்ன சொல்கிறது?

லைசென்ஸ் கேட்பது குற்றம் அல்ல. உண்மையான மிரட்டல் உள்ளவர் மாவட்டத்தில் கலெக்டரிடமும், மாநகரில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. ஆனால் .32ஆ .22ஆ என்று யோசிப்பதற்கு முன் சில கேள்விகள் இருக்கின்றன. வீட்டில் சிறுவர்கள் இருக்கிறார்களா? மனச்சோர்வில் யாராவது இருக்கிறார்களா? குடித்துவிட்டுச் சண்டை வரும் வீடா? பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கும்? பூட்டி வைத்தால் நள்ளிரவில் கைக்கு எட்டாது, பூட்டாமல் வைத்தால் எல்லோர் கைக்கும் எட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல இடம் என்று ஒன்று இல்லை.

அடுக்குமாடி வீட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தனி பங்களாவில் குறி தவறினால் தோட்டா தோட்டத்து மண்ணில் போய் விழலாம். இங்கே நம் வாசலுக்கு எதிரே இருப்பது அடுத்த வீட்டு வாசல். மரக்கதவும் ஜன்னல் கண்ணாடியும் தோட்டாவை நிறுத்தாது. ஒரு வீட்டில் துப்பாக்கி வைப்பது என்ற முடிவின் பாரத்தை அந்தத் தளத்தில் இருக்கும் எல்லா வீடுகளும் சுமக்கின்றன.

பாடிகாவல் கட்டிய ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஈட்டி வாங்குவதைவிட ஊருக்கு ஒரு காவல்காரரை வைப்பது மேல் என்று முடிவு செய்திருந்தார்கள். நம்மிடமும் அந்த வழி இருக்கிறது. வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது, எதிர் வீட்டில் ஒரு போன் நம்பர் கொடுத்து வைப்பது, நகையை லாக்கரில் வைப்பது, படிக்கட்டு விளக்கு எரியாவிட்டால் அன்றே அலுவலகத்தில் சொல்வது. இவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம், தேர்தலுக்கு ஒப்படைக்கவும் வேண்டாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இரவுக் காவல் பணியாளரின் எண்ணிக்கையும் ஊதியமும் பேசப்படும்போது, உறுப்பினர்கள் இந்த 200 ஆண்டுக் கதையையும் நினைவில் வைத்துக்கொண்டு வந்தால் நல்லது.