பள்ளி ஆண்டு விழாக் கலைநிகழ்ச்சிகள்

பள்ளி ஆண்டு விழாக் கலைநிகழ்ச்சிகள் என்பவை, பள்ளிகள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவில் மாணவர்கள் தம் பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்தும் ஆடல், பாடல், நாடகம், மாறுவேடம் முதலியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் ஆண்டிறுதித் தேர்வுக்கு முந்தைய மாதங்களில், மாலை வேளையில், பள்ளித் திடலில் அமைக்கப்படும் மேடையில் நடைபெறுகின்றன. பிற மேடைக் கலைகளுக்கும் இவற்றுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இங்கு பார்வையாளர்களில் பெரும்பாலானோர் நிகழ்ச்சியைக் காண வருவதில்லை, நிகழ்த்துபவரைக் காண வருகின்றனர்.

விழாவின் போக்கு

விழா தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கி நாட்டுப்பண்ணுடன் முடிவடையும். இடையில் வரவேற்புரை, தலைமை ஆசிரியரின் ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை, பரிசளிப்பு ஆகியவை இடம்பெறும். கலைநிகழ்ச்சிகள் பொதுவாக இவற்றிற்குப் பின்னரே வருகின்றன. சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவதும், அதற்குள் ஒப்பனையிட்ட சிறுவர்கள் மேடைக்குப் பின்னால் உறங்கிவிடுவதும் அரிதல்ல. இதனால் சில பள்ளிகள் மழலையர் வகுப்பினரின் நிகழ்ச்சியை உரைகளுக்கு முன்பே நடத்திவிடுகின்றன.

நிகழ்ச்சிகள்

கும்மி, கோலாட்டம், கரகாட்டம், வில்லுப்பாட்டு, பரதநாட்டியம், திரைப்படப் பாடலுக்கான குழு நடனம் ஆகியவை பரவலாக இடம்பெறுகின்றன. குழந்தைகளின் வயதுக்குப் பொருந்தாத திரைப்படப் பாடல்கள் தேர்ந்தெடுக்கப்படுவது குறித்து ஆசிரியர்களிடையேயும் பெற்றோரிடையேயும் நெடுநாளாகக் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

மாறுவேடத்தில் திருவள்ளுவர், ஔவையார், பாரதியார், காந்தி ஆகியோர் தவறாமல் மேடையேறுவர். வசனம் பேசும் நிகழ்ச்சிகளில் 1959 இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படக் காட்சிக்குத் தனி இடம் உண்டு. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அவ்வசனங்கள், கட்டபொம்மனும் ஜாக்சனும் வாதிடும் காட்சி வழியாகத் தலைமுறைகளைக் கடந்து பள்ளி மேடைகளில் நிலைத்துவிட்டன. பார்வையாளர் பலருக்கும் அவை மனப்பாடம் என்பதால், சிறுவன் வசனத்தை மறந்தால் பார்வையாளர் பகுதியிலிருந்தே அடுத்த வரி எடுத்துக் கொடுக்கப்படுவதும் உண்டு.

உடைகள் பெரும்பாலும் நாடக உடைகளை வாடகைக்குத் தரும் கடைகளிலிருந்து பெறப்படுகின்றன. அளவு பொருந்தாதவை ஊக்குகளால் சரிசெய்யப்படும். திருவள்ளுவரின் பஞ்சுத் தாடி பாதிக் குறளில் கழன்று விழக்கூடும். முன்னர் ஒலிநாடாவிலும் பின்னர் குறுவட்டிலும் வந்த பாட்டு இப்போது நினைவகக் குச்சியிலோ கைப்பேசியிலோ வருகிறது. எனினும் பாட்டு நடுவில் நின்றுபோவது மட்டும் மாறவில்லை. அப்போது சில குழந்தைகள் அப்படியே நின்றுவிடுவர். சிலர் தாமே எண்ணிக்கொண்டு ஆடி முடிப்பர். பின்னவருக்கே அன்றைய பெரிய கைதட்டல் கிடைக்கிறது.

காண்போரின் மகிழ்ச்சி

பல வாரங்களாக வீட்டில் ஒலித்த பாட்டு பெற்றோருக்குப் புதிதல்ல. அடுத்த அடி எது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆயினும் தம் பிள்ளை ஏதேனும் தவறினால் ஓடிச் சென்று உதவ இயலாத தொலைவில் அமர்ந்து பார்ப்பது அவர்களுக்குப் புதிய அனுபவமாகும். வீட்டில் தாமாக உண்ணாத குழந்தை, நூற்றுக்கணக்கானோர் முன் தன் முறைக்காகக் காத்து நின்று, சரியான இடத்தில் திரும்புவதைக் காண்பதில் இம்மகிழ்ச்சியின் பெரும்பகுதி அடங்கியுள்ளது எனலாம். ஆட்டத்தின் நேர்த்திக்கும் இதற்கும் தொடர்பு குறைவு.

குழந்தையும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுகிறது. சிறு குழந்தைகள் சிலர் தாயைக் கண்ட பின்னரே ஆடத் தொடங்குவர். கண்டதும் ஆட்டத்தை மறந்து கையசைப்பவரும் உண்டு. இரவில் மேடை விளக்குகளின் ஒளி கண்ணைக் கூசச் செய்வதால் கூட்டம் குழந்தைக்குத் தெரியாமல் போகிறது. பெற்றோர் கைப்பேசியை உயர்த்தி நிகழ்படம் எடுப்பது முகத்தை மேலும் மறைக்கிறது. பின்னால் இருப்போரின் பார்வையையும் அது தடுப்பதால், சில பள்ளிகள் தாமே பதிவு செய்து வழங்குகின்றன.

தவறுகளைக் கண்டு எழும் சிரிப்பு பெரும்பாலும் அன்பினால் எழுவதே. ஆனால் மேடையில் இருக்கும் குழந்தைக்கு அவ்வேறுபாடு விளங்குவதில்லை. அழுதுகொண்டே இறங்கும் குழந்தைக்கு அருகில் அந்நேரம் ஓர் ஆசிரியர் இருப்பது இன்றியமையாதது.

மேடை வாய்ப்பு

நன்றாக ஆடுபவர் முன்வரிசையிலும் ஏனையோர் பின்வரிசையிலும் நிறுத்தப்படுவது வழக்கம். உடைக்கான செலவைப் பெற்றோரே ஏற்கும் பள்ளிகளில், அதைக் கொடுக்க இயலாதவரின் பிள்ளைகள் பெயர் கொடுக்காமலே ஒதுங்கிவிடுகின்றனர். இது பள்ளியின் கணக்கில் 'விருப்பமின்மை' என்றே பதிவாகிறது. வகுப்பில் உள்ள அனைவரையும் மேடையேற்றும் பள்ளிகளும் உள்ளன. அங்கு மரமாகவும் மேகமாகவும் அசையாமல் நிற்போர் மிகுதி. நிகழ்ச்சி நீண்டுவிடுகிறது என்ற குறை கூறப்பட்டாலும், ஒரு குழந்தையையும் விட்டுவிடாத இம்முறையே மேலானது.

போட்டி முறை இதிலிருந்து வேறானது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கலைத் திருவிழாவை நடத்தி வருகிறது. கேரளத்தில் பள்ளிக் கலோற்சவம் 1957 இல் தொடங்கியது. அதில் வழங்கப்பட்டு வந்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள், போட்டி மனப்பான்மை எல்லை மீறியதால் 2000களின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டன.

பாதுகாப்பு

1995 டிசம்பர் 23 அன்று அரியானா மாநிலம் மண்டி டப்வாலியில், ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்த மண்டபத்தில் தீப்பற்றியது. பந்தல் துணி எரிந்து கூட்டத்தின் மீது விழுந்ததாலும், வெளியேறும் வழி போதாமையாலும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் குழந்தைகளும், அவர்களின் நிகழ்ச்சியைக் காண வந்த தாய்மாருமே மிகுதி. பந்தல் துணியின் தன்மை, தற்காலிக மின்னிணைப்பு, நாற்காலிகளால் அடைபடாத வழிகள் ஆகியவை ஒத்திகைக்கு முன்பே கவனிக்கப்பட வேண்டியவை.

பிற நாடுகளில்

இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் நவராத்திரிக் காலத்து வாணி விழாவும், பரிசளிப்பு விழாவும் மாணவர் கலைநிகழ்ச்சிகளுக்கு வாய்ப்பளிக்கின்றன. கனடா, ஐக்கிய இராச்சியம் போன்ற புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டு விழா நடத்துகின்றன. அங்கு வீட்டில் வேற்றுமொழி பேசும் பேரப்பிள்ளை ஆத்திசூடியைத் தடையின்றிச் சொல்வதைப் பாட்டி முதன்முறையாகக் கேட்பது பெரும்பாலும் இம்மேடையில்தான்.